ஊர் திரும்புவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே பாலிசி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றுக் கோவையில் குடியேறும் தமிழர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டு விலை, வரி, முதியோர் குடியிருப்புகள் என எல்லாவற்றையும் விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, மருத்துவத்தை மட்டும் 'இங்கே வைத்தியச் செலவு குறைவு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பொதுக் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரியை நம்பி யாரும் விமானம் ஏறிவிடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அந்நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது. கோவை மருத்துவமனையில் சேர்ந்தால் அதிலிருந்து ஒரு டாலரும் வராது. பத்தாண்டுகள் வேலை செய்து வரி கட்டியவருக்கு அதில் மருத்துவமனைச் செலவுக்கான 'பார்ட் ஏ' பிரிவு பிரீமியம் இல்லாமலே தொடரும் என்பதால் அதில் சிக்கல் இல்லை. மருத்துவர் கட்டணத்துக்கான 'பார்ட் பி' பிரிவுக்கோ 2025-இல் மாதம் 185 டாலர் கட்ட வேண்டியிருந்தது. பயன்படாததற்கு எதற்குப் பணம் என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்காகவோ பெரிய சிகிச்சைக்காகவோ ஐந்தாண்டு கழித்து அங்கேயே போக நேர்ந்தால், விடுபட்ட ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10 விழுக்காடு வீதம், பிரீமியத்தில் பாதி அளவு கூடுதல் தொகையைப் பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டிவரும். திரும்பிப் போகும் வாய்ப்பு கொஞ்சமேனும் இருப்பவர்கள் அதை விடாமல் வைத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இதைவிடப் பெரிய விஷயம் இங்கே எடுக்க வேண்டிய பாலிசி. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளால் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. ஆனாலும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம், அதாவது அந்நோய்களின் செலவுக்குப் பணம் தராத காலம், வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அமெரிக்காவில் எத்தனை ஆண்டுகள் காப்பீடு வைத்திருந்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர் 66 வயதில் இறங்கி அதன்பின் பாலிசி எடுத்தால், நெஞ்சுவலி வரக்கூடிய அந்த மூன்று ஆண்டுகளில் கைப்பணத்தைத்தான் நம்ப வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போதே, 62 அல்லது 63 வயதில், விடுமுறைக்கு வரும் சமயத்தில் மருத்துவப் பரிசோதனையை முடித்துப் பாலிசி எடுத்து, ஆண்டு தவறாமல் புதுப்பித்து வந்தால் ஊர் வந்து சேரும்போது அந்தக் காலம் கழிந்திருக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர்களுக்கும் பாலிசி தரும் நிறுவனங்கள் உண்டு.

பாலிசிக்கு விண்ணப்பிக்கும் ப்ரொபோசல் படிவத்தில் எதையும் மறைக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நியூஜெர்சியிலிருந்து வந்து எங்கள் குடியிருப்பில் தங்கிய ஒருவரிடம், "சுகர் மாத்திரையைப் பற்றி எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறிவிடும்" என்று முகவர் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் சேர்ந்த இரவில் பணி மருத்துவர் கேட்டபோது அவர் உண்மையைச் சொல்ல, '15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்' என்று கேஸ் ஷீட்டில் பதிவாகிவிட்டது. அந்த ஒரு வரியைக் காட்டியே கிளெய்ம் மறுக்கப்பட்டது. முகவர் அதன்பின் தொலைபேசியையே எடுக்கவில்லை.

அரசு தரும் பாதுகாப்பைப் பற்றியும் தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்தியக் குடிமக்களுக்கானது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் அதை எதிர்பார்க்க முடியாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு உரியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்குவோருக்கு எந்த நாட்டினர் என்று பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை வழங்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்பது உண்மையிலேயே பெருமைக்குரியது. ஆனால் மூட்டு மாற்றுக்கும் புற்றுநோய்க்கும் அதை நம்ப முடியாது.

ஆண்டுதோறும் ஜனவரியில் அயலகத் தமிழர் தினத்தை நடத்தும் அரசு, அவ்விழா அரங்கில் காப்பீட்டு ஆலோசனைக்கென ஒரு மேசை போட்டு, இந்த விவரங்களை எளிய தமிழில் ஒரு கையேடாக அச்சிட்டுக் கொடுத்தால் பலருக்குப் பயன்படும். தங்கள் இதழும் அடுத்து வரும் கட்டுரைகளில் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுக் காப்பீட்டு ஊழியர்,
கோயம்புத்தூர்.