மொட்டை மாடியில் பத்து நிமிஷம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தால் நான் முதலில் பிரிப்பது மணமகள் தேவை பக்கத்தைத்தான், எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன வாரம் ஒரு விளம்பரம், "வேலைக்குச் செல்லும் குடும்பப்பாங்கான பெண் தேவை". நட்சத்திரம் பாதம் வரைக்கும் இருக்கிறது, உயரம் இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது. அந்தப் பெண் எந்த ஊரில் வேலைக்குப் போகவேண்டும் என்பது மட்டும் இல்லை.

என் கதையையே சொல்கிறேன். 2017-ல் சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி முடிந்ததும் "சின்னஞ்சிறுசுங்க தனியா பேசட்டும்" என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே அம்மா ஜவ்வரிசி வத்தல் காயப் போட்டிருந்தார், காக்காயை விரட்டிக்கொண்டே பேசினோம். பிடித்த நடிகர் யார், தட்டுவடை செட்டில் பீட்ரூட் அதிகம் போட்டால் அவருக்குப் பிடிக்காது, இப்படித்தான் போனது பேச்சு. உருப்படியாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "வேலைக்குப் போவீங்களா?" போகலாம் என்று இருக்கிறேன் என்றேன். "எங்க வீட்ல ஆட்சேபணை இல்லை" என்றார். அப்போது எனக்கு அதுவே பெரிய விஷயமாகத் தெரிந்தது, கீழே இறங்கிப்போய் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவர் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருந்தார். நான் அங்கேயே ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொள்வேன் என்பது அவர் கணக்கு. நானோ எம்.எஸ்சி., பி.எட். முடித்து அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான டி.ஆர்.பி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், பாஸானால் வேலை தமிழ்நாட்டில்தான், அவர் இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார் என்பது என் கணக்கு. இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் இரண்டு பேர் டிகிரியும் கொட்டை எழுத்தில் இருந்தது.

2019 தேர்வில் பாஸாகி ஆர்டர் கைக்கு வந்த அன்று வீடே ஸ்வீட் சாப்பிட்டது, அவர் மட்டும் மெதுவாக "அப்ப நான்?" என்று கேட்டார். கொரோனாவில் வீட்டிலிருந்தே வேலை என்றதும் பிரச்சனை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம், ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டதும் பழைய கதைதான். இப்போதும் வெள்ளிக்கிழமை ராத்திரி அங்கே பஸ் ஏறி, விடியுமுன் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஞாயிறு ராத்திரி திரும்பிப் போகிறார். சனிக்கும் ஞாயிறுக்கும் எங்கள் மகன் வைத்திருக்கும் பெயர் "அப்பாக்கிழமை".

அவன் பிறந்தபோது அரசுப் பணி என்பதால் எனக்கு ஒரு வருஷம் விடுப்பு கிடைத்தது, 2021 ஜூலையில்தான் அதை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டாக ஆக்கியிருந்தார்கள். தனியார் வேலையில் இருந்திருந்தால் 2017 சட்டத்திருத்தப்படி 26 வாரம். அப்பாவுக்குத் தனியாரில் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது, கம்பெனியாகப் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் கேட்டால் "அதுக்குள்ள பிள்ளை வரைக்கும் போயாச்சா" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அதனால் என் தங்கைக்கு வரன் பார்த்தபோது இதையெல்லாம் கேட்காமல் நான் விடவில்லை. ஒரு இடம் இதனாலேயே தட்டிப்போனது, பையனுடைய அம்மா "பொண்ணு பார்க்க வந்தோமா, இன்டர்வியூவுக்கு வந்தோமா" என்று எழுந்துவிட்டார். எனக்கு வருத்தமே இல்லை.

அடுத்து வந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க ஏற்காட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். நிச்சயம்கூட ஆகாமல் ஊர் சுற்றுவதா என்று சித்தப்பா குதித்தார். சரி, நாங்களும் கூடப் போகிறோம் என்று ஒரு சனிக்கிழமை அவர்களோடு பஸ் ஏறினோம். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு, பாதி தாண்டுவதற்குள் என் மகன் வாந்தி எடுத்துவிட்டான், அது வேறு கதை. மேலே லேடீஸ் சீட் என்கிற மலை முனையில் அவர்கள் இரண்டு பேரையும் தள்ளி உட்காரவிட்டு நாங்கள் மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு ஒதுங்கினோம். கீழே சேலம் முழுக்கத் தெரிகிறது, மாப்பிள்ளை செவ்வாய்ப்பேட்டை இருக்கும் திசையைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் தங்கை சொன்னாள். அவருக்குக் கம்பெனி வேலை பிடிக்கவில்லையாம், இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டு செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறைக்கே வந்துவிடப் போகிறாராம். இதுவரை எந்தப் பெண் வீட்டிலும் சொன்னதில்லை, பட்டறை என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். இவள் பொதுத்துறை வங்கியில் கிளார்க். புரமோஷன் பரீட்சை எழுதி ஆபீசர் ஆனால் இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள், அதை அவள் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சு, நடுவில் சண்டை மாதிரிகூடத் தெரிந்தது. கடைசியில் முடிவானது இதுதான்: பட்டறையில் அவர் கால் ஊன்றும் வரை வீட்டுச் செலவு அவள் சம்பளத்தில், பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு அவள் பரீட்சை எழுதுவாள், வெளியூர் போட்டால் அந்த வருஷங்களில் பிள்ளையை அவர் வைத்துக்கொள்வார். போனில் டைப் செய்தே வைத்திருக்கிறாள். வெள்ளி விலை ஏறுகிற வேகத்தில் பட்டறையில் ஆர்டர் எப்படி இருக்குமோ தெரியாது, அதையும் அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரன் விளம்பரப் படிவத்தில் ராசி, நட்சத்திரத்துக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: அடுத்த ஐந்து வருஷம் எந்த ஊர், என்ன வேலை. வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறீர்கள், தெரியும். அந்த ஒரு வரிக்கு மட்டும் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.