போலரைசர் வாங்கப் போகும் மாப்ளைக்கு

மதுரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி மௌனவிரதம். வைகைத் தண்ணீர் வந்து தெப்பக்குளம் நிறைந்து கிடக்கிறது. சாயங்காலமானால் சுற்றுச்சுவரில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

சரி, கேமரா விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு லென்ஸுக்கும் தனித்தனியாக சிபிஎல் பில்டர் (சர்க்குலர் போலரைசர், லென்ஸ் முன்னால் மாட்டிச் சுழற்றிப் பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். வாய் பெரியதான, 67 மி.மீ. விட்டமுள்ள லென்ஸுக்கு நல்லதாக ஒன்று வாங்கு. 55 மி.மீ. விட்டமுள்ளதற்கு ஒரு ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய பில்டரை மாட்ட உதவும் வளையம்) போட்டு அதையே மாட்டிக்கொள்ளலாம். ரிங் போட்டால் அந்த லென்ஸின் ஹூட் (வெயில் படாமல் மறைக்கும் முன்வளையம்) பொருந்தாது, கையால் நிழல் கொடுத்துக்கொள். இரண்டு மட்டமான பில்டருக்குப் போகிற காசை ஒன்றில் போடுவது மேல். மட்டமான கண்ணாடியின் வண்டவாளம் உன் 300 மி.மீ. ஜூமில்தான் தெரியும், படமே மழுங்கிப்போகும்.

வானம் நீலமாகும் என்று கடையில் சொல்வார்கள். ஆகும், ஆனால் எல்லாத் திசையிலும் இல்லை. சூரியனுக்குப் பக்கவாட்டில், 90 டிகிரியில் இருக்கும் வானம்தான் நன்றாகக் கறுக்கும். சுட்டுவிரலைச் சூரியனுக்கு நீட்டி, கட்டைவிரலை ‘ட’ மாதிரி விரித்து, மணிக்கட்டைத் திருப்பிப் பார். கட்டைவிரல் காட்டும் பக்கமெல்லாம் பலன் உண்டு. காலையில் மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தின் முன்னால் நின்றால் வெயில் உன் முதுகில் அடிக்கும், பில்டரைச் சுற்றிச் சுற்றி விரல்தான் வலிக்கும். அதே காலையில் தெற்குக் கோபுரத்துக்குப் போய் வடக்கே பார்த்து எடு. வானமும் கறுக்கும், சுதைச் சிற்பங்களின் பெயிண்ட் பளபளப்பும் அடங்கி நிறம் எழுந்து வரும். ஆனால் 18 மி.மீ.யில் அகலமாக எடுத்தால் வானத்தில் ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாக வந்துவிடும். கொஞ்சம் ஜூம் செய்துகொள்.

என்னைக் கேட்டால், இதை வானத்துக்காக வாங்கவே கூடாது. மழை விட்ட மறுநாள் கீழக்குயில்குடி வா. சமணர் மலை அடிவாரத் தாமரைக்குளத்தில் ஒவ்வொரு இலையும் வெள்ளைத் தகடாக மின்னும். பில்டரை மெல்லத் திருப்பு. மினுக்கம் விலகி இலையின் பச்சையும், இடையில் தண்ணீருக்கு அடியில் கிடப்பதும் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும், நீர்மட்டத்திலிருந்து 35, 40 டிகிரி போல. நேர் கீழே குனிந்து எடுத்தால் ஒன்றும் நடக்காது. ஈரப் பாறைக்கும் இது அற்புதம். பித்தளை, எவர்சில்வர் பளபளப்பிடம் மட்டும் இதன் ஜம்பம் பலிக்காது.

தெப்பக்குளத்தில் ஜாக்கிரதை. மைய மண்டபம் தண்ணீரில் தலைகீழாகத் தெரிவதுதானே அழகு? பில்டர் அதையும் துடைத்துவிடும். அங்கே பிம்பம் தெளிவாகத் தெரியும்வரை கால் சுற்று சுழற்றி வை, இல்லை கழற்றிவிடு. தைத் தெப்பத்தன்று இரவில் கழற்றியே ஆக வேண்டும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைத் தின்றுவிடும், அதாவது பாதியோ காலோதான் மிஞ்சும்.

எந்தக் கம்பெனி என்றும் கேட்டிருந்தாய். ஹோயா, நிசி, பி பிளஸ் டபிள்யூ எதுவானாலும் சரி, மல்டிகோட்டிங் (கண்ணாடியின் பிரதிபலிப்பைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சு) உள்ளதாகப் பார். வளையம் பித்தளையாக இருந்தால் இறுகிச் சிக்கிக்கொள்வது குறைவு. அப்புறம், உன் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) லீனியரே, அதாவது சர்க்குலர் அல்லாத சாதாரண போலரைசரே போதும் என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் உண்மைதான். கண்ணாடி உள்ள எஸ்எல்ஆரில்தான் லீனியர் போட்டால் போகஸும் வெளிச்சம் அளக்கும் மீட்டரும் குழம்பும். இருந்தாலும் சர்க்குலரே வாங்கு, உன் அண்ணன் மகன் பழைய எஸ்எல்ஆருக்கு இரவல் கேட்பான்.

கடையிலேயே சோதித்துவிடு. லென்ஸில் திருகும் மரைப் பக்கம் நிலைக்கண்ணாடியைப் பார்க்க, பில்டர் வழியாகவே கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார். பிம்பம் கறுத்திருந்தால் சர்க்குலர். திருப்பிப் பிடித்தால் அந்தக் கறுப்பு போய்விடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பணம் கொடுக்குமுன் லென்ஸ் மூடியின் உட்புறத்தில் போட்டிருக்கும் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள். 67 என்று நீ எழுதியதை வைத்துத்தான் இவ்வளவும் சொல்லியிருக்கிறேன்.

உன்
மச்சான்