அந்தத் திருவிழாவையும் சொல்லுங்கள், அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

பேரப்பிள்ளைகள் பர்மாவைப் பற்றிக் கேட்டால் நீங்கள் சொல்வதெல்லாம் கப்பல் ஏறிய கதைதான். 1964 மார்ச்சில் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது, மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாது என்றது, பெரியப்பா சேர்த்து வைத்தது வெறும் காகிதமாகிப் போனது, கடைசியில் வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்தது. எல்லாம் நடந்ததுதான், சொல்லத்தான் வேண்டும். ஆனால் போன மாதம் உங்கள் பேத்தி போனில் என்னைக் கேட்டாள்: "சின்னத் தாத்தா, அங்கே நீங்க சந்தோஷமா இருந்ததே இல்லையா?" எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பிள்ளைக்கு, நம் ஊர்ப் புத்தர் கோயிலான சைக்கௌ பயாவின் திருவிழாவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கூடவா சொல்லவில்லை?

சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன். அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் நம் ஊரை அப்போது சிரியம் என்போம், இப்போது தன்லின். குன்றின்மேல் சைக்கௌ பயா. தபோட்வே மாதத்துப் பௌர்ணமிக்குத் திருவிழா. நம் கணக்கில் தை, மாசி வாக்கில் வரும். அறுப்பு முடிந்து, களத்து நெல் விற்று, கையில் நாலு காசு புரளும் நேரம். சுற்றுப்பட்ட கிராமமெல்லாம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்துவிடும். பர்மாக்காரர்கள், கரேன்கள், நம் ஆட்கள் என்று வித்தியாசமே தெரியாது. அம்மாவும் அவர்களைப் போலக் கன்னத்தில் தனக்கா மரப்பட்டை விழுதைப் பூசிக்கொண்டுதான் கிளம்புவார்.

நமக்கு முதலில் ராட்டினம். அதற்கு மின்சாரமும் கிடையாது, எஞ்சினும் கிடையாது. அதைச் சுற்றிவிடுவதே ஒரு வித்தை. இளவட்டப் பையன்கள் நாலைந்து பேர் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, சட்டத்தைப் பிடித்து விறுவிறுவென்று உச்சிக்கு ஏறுவார்கள். ஏறியதும் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து தொங்க, அவர்கள் கனத்திலேயே சக்கரம் இறங்கிச் சுழல ஆரம்பிக்கும். தரை நெருங்கும்போது ஒவ்வொருவராகக் குதித்து ஒதுங்கிவிடுவார்கள். நிறுத்துவதும் அவர்கள்தான், ஓடுகிற சக்கரத்தைப் பிடித்துத் தொங்கியே நிறுத்துவார்கள். நான் உங்கள் மடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் மட்டும் அந்தப் பையன்களைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். பெரியவனானால் அந்த வேலைக்குத்தான் போவேன் என்று அம்மாவிடம் சொல்லி நீங்கள் அடி வாங்கியதையும் பேத்தியிடம் சொல்லுங்கள்!

அந்த மாதத்தில்தான் தமனே கிண்டுவார்கள். பெரிய இரும்புச் சட்டியில் ஒட்டரிசி, எள், நிலக்கடலை, தேங்காய், இஞ்சி, தலைவழிய எண்ணெய். துடுப்பளவு மரக்கரண்டியை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிரே நின்று கிண்ட வேண்டும், அவ்வளவு இறுகும். கிண்டி முடித்ததும் வாழை இலைத் துண்டில் வைத்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் சும்மாவே கொடுப்பார்கள். சூடு ஆறுமுன் தின்றுவிட வேண்டும். மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸான மொஹிங்கா மட்டும் காசுக்குத்தான்.

ராத்திரியில் நாடகம். சாயங்காலமே போய்ப் பாய் விரித்து இடம் பிடித்து, போர்வையோடு உட்கார்ந்தால் விடிந்துதான் எழுந்திருப்பது. மேடைக்கு முன்னால், வட்டமான மரச் சட்டத்துக்குள் 21 மத்தளங்களைத் தொங்கவிட்டு நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தொடங்குமுன் சோற்றையும் சாம்பலையும் பிசைந்து ஒவ்வொரு மத்தளத்திலும் ஒட்டி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்து, மறுபடி ஒட்டிச் சுருதி சேர்ப்பார். மிருதங்கத்துக்கு நம் ஆட்கள் ரவை ஒட்டுவது மாதிரியேதான். அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்து, "பாருடா, சோறுதான்டா!" என்று காட்டினது இன்னும் காதில் இருக்கிறது. இத்தனை வயதுக்கு எவ்வளவோ கச்சேரி கேட்டாயிற்று. பாட்டு தொடங்குமுன் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சுருதி சேர்ப்பதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு அங்கே தொற்றியதுதான்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிய வேண்டும். நாம் பயா திருவிழாவுக்குப் போன மாதிரியே பர்மாக்காரர்களும் நம் பீலிக்கான் கோயில் முனீஸ்வரரைக் கும்பிட வந்தார்கள். நம் பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மா, தீமிதிக்கு வருகிறவர்கள் காலில் ஊற்ற வீட்டிலிருந்தே குடத்தில் தண்ணீர் கொண்டுவருவார். நீங்கள் கப்பலேறப் புறப்பட்ட அன்று, படகுத்துறை வரைக்கும் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததும் அவர்தான். கப்பல் கதை சொல்லும்போது அவரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரை விட்டுவிட்டுச் சொன்னால், அந்த ஊரில் நமக்கு யாருமே இல்லாத மாதிரி ஆகிவிடும் அண்ணே. அது நிஜமில்லை.

இப்போது அந்தத் துறையில் இறங்க வேண்டியதில்லை. 1993-ல் பாலம் வந்துவிட்டது, ரங்கூனிலிருந்து நேரே காரில் வரலாம். நாட்டு நிலைமை நீங்கள் அறிந்ததுதான், அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

சரி, உங்களிடம் எனக்கொரு வேலை இருக்கிறது. நாம் சேர்ந்து பார்த்த கடைசி நாடகத்தில் ராஜகுமாரனைக் காட்டுக்கு அனுப்பியது வரைதான் எனக்கு ஞாபகம். அப்புறம் அம்மா மடியில் தூங்கிவிட்டேன். நீங்கள் விடியும்வரை கண் கொட்டாமல் பார்த்தீர்கள். அந்தக் கதையின் முடிவைப் பேத்திக்குச் சொல்லுங்கள், அப்படியே எனக்கும் எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
தம்பி