கல்பாத்தி வீடுகளின் பொதுச்சுவர்ப் பணிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மும்பையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி பகுதிகளில் வாழும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அமைத்துள்ள எங்கள் குழு, கேரளத்தின் பாலக்காட்டிலுள்ள கல்பாத்தி அக்ரஹாரத் தெருக்களில் சிதைந்துவரும் பழைய வீடுகளின் பொதுச்சுவர்களையும் அவற்றைச் சார்ந்த கூரைகளையும் செப்பனிடுவதற்குத் தங்கள் பொருளுதவியை வேண்டி இம்மடலை எழுதுகிறது.

பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் ஆகிய நான்கு கிராமங்களிலும் வீடுகள் வரிசையாக ஒட்டியே கட்டப்பட்டுள்ளன. திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணறு, கொல்லை என்று குறுகிய முகப்போடு நீண்டு பின்னோக்கிச் செல்லும் ஒவ்வொரு வீடும் இருபுறமும் அடுத்த வீட்டோடு ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்கிறது. இரு வீட்டு உத்தரங்களும் அச்சுவரின் மீதே அமர்ந்திருக்கின்றன. ஆகவே நடுவில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அதன் கேடு அவ்வீட்டோடு நிற்பதில்லை. ஓடு சரிந்த இடத்தில் இடவப்பாதி மழை (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) இறங்கிச் சுவரின் தலையை நனைக்கிறது. அச்சுவருக்குள் புதைந்திருக்கும் மர முனைகள் உளுத்துக் கரையானுக்கு இரையாகின்றன. அண்டை வீட்டார் தம் பக்கத்தை எத்தனை முறை பழுது பார்த்தாலும் ஈரம் மறுபக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. சிமெண்டுப் பூச்சே இதற்கு மருந்தென்று பலர் நம்புகின்றனர். ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தான் வாங்கிய ஈரத்தை மெல்லக் காற்றில் விட்டுவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிக் காரையை உதிர்க்கிறது. எனவே இப்பணியில் சுண்ணாம்பையே பயன்படுத்துவதென முடிவு செய்துள்ளோம். அதற்குச் செலவும் நாளும் கூடுதலாகும்.

கேரள அரசு கல்பாத்தியைப் பாரம்பரிய கிராமமாக அறிவித்திருப்பதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அறிவிப்புப் பலகை எதுவும் கூரையில் ஓடு மாற்றித் தராது. பூட்டிய வீடுகளின் உரிமையாளர்கள் பலர் நம்மவர்களே. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுப் பம்பாய்க்கு ரயிலேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருக்க, அது ஐப்பசித் தேருக்குத் திறக்கப்பட்டு மீண்டும் பூட்டப்படுகிறது. பாகப் பிரிவினை முடியும்வரை மழை காத்திருக்காது என்பதால், உரிமைச் சிக்கல்களில் தலையிடாமல், இருபக்கத்து உரிமையாளர்களின் எழுத்துமூல இசைவு பெற்ற சுவர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். உட்புற அலங்காரம், தரை மாற்றம், குளியலறை வசதி போன்றவற்றுக்கு இந்நிதியிலிருந்து எதுவும் வழங்கப்படாது.

வேலை தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டையும் அளந்து வரைபடமாக்கிப் படமெடுத்து, அங்கு வாழ்ந்தோரின் நினைவுகளையும் பதிவு செய்வோம். அப்பதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதில் குழு உறுதியாக உள்ளது. விசுவநாத சுவாமி கோயிலும் தேரும் சங்கீதமும் அதில் இடம்பெறுவதுபோல், சாதியின் பெயரால் சிலர் இத்தெருக்களில் நடக்க இயலாதிருந்த காலமும், 1924ஆம் ஆண்டுத் தேர்த் திருவிழாவின்போது நுழைய முயன்ற ஈழவ சாதி மக்கள் தடுக்கப்பட்டதும் இடம்பெறும். இதை விட்டுவிடலாமே என்று சிலர் கேட்டனர், பெரும்பான்மையோர் இசையவில்லை.

நன்கொடை ரூ. 1,000 முதல் எத்தொகையாயினும் ஏற்கப்படும். ரொக்கமாகப் பெறுவதில்லை, காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வழியாக மட்டுமே பெற்று, உடன் ரசீது வழங்குவோம். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி அங்கீகாரம் இன்னும் எங்களுக்கு இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். பணமாக அளிக்க இயலாதோர், பழைய நாட்டு ஓடுகள், கழற்றி வைத்த தேக்கு மரங்கள், வீட்டுப் பத்திர நகல்கள், தெருவின் பழைய நிழற்படங்கள் ஆகியவற்றைத் தந்து உதவலாம். ஜூன் மாதத்திற்குள் கூரைகள் மூடப்பட்டாக வேண்டும் என்பதால், தங்கள் இசைவைத் தை மாத இறுதிக்குள் குழு உறுப்பினர்களிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கு, செப்பனிட்ட ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனியாக, நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும்.

இங்ஙனம்,
குழுவினர்,
மாட்டுங்கா, மும்பை