டெர்ரி முற்றுகையும் ஒரு பழைய கடனும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்தியதைப் படித்ததும் உடனே கிளம்பி வந்துவிட ஆசையாக இருந்தது. முழங்கால் வலிதான் விடவில்லை. உட்கார்ந்த இடத்தில் அயர்லாந்து வரலாறு படிக்கிறேன். அதில் ஒருவன் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறான்: பதினேழாம் நூற்றாண்டுப் படைத்தலைவன் சர் சார்லஸ் கூட் (Coote).

அப்பன் பெயரும் அதேதான். 1642இல் டிரிம் ஊரில் அப்பன் சுடப்பட்டுச் சாக, பேரனட் என்ற பரம்பரைப் பட்டம் இவனுக்கு வந்தது. ஐரிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவன், பிறகு அயர்லாந்தின் மேற்கில் உள்ள கொனாக்ட் மாகாணத்தின் தலைவனானான். மன்னருக்கும் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றான்.

1649இல் நாடாளுமன்றத் தரப்பு மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியதும், அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் கொதித்தெழுந்து டெர்ரி நகரை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவன் இந்தக் கூட். மாதக்கணக்கில் முற்றுகை. கடைசியில் அவனைக் காப்பாற்ற வந்தது யார் தெரியுமா? கத்தோலிக்க ஐரிஷ் படையின் தளபதி ஓவன் ரோ ஓநீல்! அதுவரை நேர் எதிரி. அவரும் தர்மத்துக்காக வரவில்லை. வெடிமருந்துக்கும் மாட்டுக்கும் தவித்துக்கொண்டிருந்தார், கூட் கொடுத்தான். ஆனாலும் அவர் வந்ததால்தான் ஆகஸ்டில் முற்றுகை விலகியது.

நவம்பரில் ஓவன் ரோ நோயில் இறந்தார். அடுத்த ஜூனில் லெட்டர்கென்னி பக்கம் ஸ்காரிஃப்ஹோலிஸில் ஓவன் ரோவின் அதே ஐரிஷ் படையைக் கூட் அழித்தான். சண்டை வேண்டாம் என்று அதிகாரிகள் எவ்வளவோ சொல்லியும், அந்தப் படைக்குத் தலைமை ஏற்றிருந்த பிஷப் ஹீபர் மக்மஹோன் கேட்கவில்லை. பிடிபட்டவர்களில் ஓவன் ரோவின் மகன் ஹென்றியும் ஒருவர். உயிருக்கு உறுதி தந்த பிறகும் அவரைக் கொன்றார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சேகர். நன்றி மறந்தவன் என்ற சொல் இவனுக்குப் போதாது. பிஷப்பையும் என்னிஸ்கில்லனில் தூக்கிலிட்டான்.

இதற்கெல்லாம் அவனுக்கு ஒரு கேடும் வரவில்லை. காற்று திரும்புவதை மோப்பம் பிடித்து, 1660இல் முதலாம் சார்லஸின் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏற உதவினான். மன்னரான அப்பாவைக் கொன்றவர்களுக்கு ஊழியம் செய்தவனுக்கு மகனே மவுன்ட்ராத் பிரபு பட்டம் கொடுத்தான்! 1661 டிசம்பரில் பெரியம்மை வந்து டப்ளினில் செத்தான்.

நீ சட்டம் படித்தவன். சரணடைந்தவரைக் கொல்வதை அந்தக் காலத்துப் போர் வழக்கமாவது ஏற்றுக்கொண்டதா? எழுது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது விரிவாகப் பேசுவோம்.

அன்புடன்,
முருகேசன்