சிறையில் மனு (கைதியைச் சந்திக்கும் நேர்காணல்) பார்க்கப் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தம்பி சிறையில் இருந்தபடியே பத்தாம் வகுப்பு எழுத முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். தமிழ்நாட்டு மத்திய சிறைகளில் வருடா வருடம் எழுதுகிறார்கள், தேறவும் செய்கிறார்கள். அங்கே படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் மந்தபுத்தி இல்லை, காகிதம். அந்தக் காகிதத்துக்கு அலைய வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் எட்டாவது தேறிய சான்று. டி.சி. தொலைந்துபோச்சு என்று கையை விரித்துவிடாதீர்கள். படித்த பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து நகல் கேளுங்கள். எட்டாவதே முடிக்கவில்லை என்றால், மாநிலப் பாடத்திட்டத்தில் அதற்கான தனித்தேர்வை எழுதிவிட்டுத்தான் பத்துக்கு வர வேண்டும்.

சான்று கைக்கு வந்ததும் பெயரைப் பாருங்கள். பள்ளியில் முருகேசன், ஆதாரில் முருகேஷ், கோர்ட் வாரண்டில் முருகன் என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பது சர்வசாதாரணம். சிறைக்கு அவர் வாரண்டில் உள்ள பெயர். தேர்வுத் துறைக்குப் பள்ளிப் பெயர். பிறந்த தேதியும் அப்படியே. இதை விண்ணப்பத்துக்கு முன்பே சிறை நல அலுவலர் காதில் போட்டு வையுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு சொன்னால் அலைச்சல்தான் மிச்சம். முகவரிக் கட்டத்தில் வீட்டு முகவரியைத் தரச் சொல்லுங்கள். சிறை மாறினாலும் வீடு மாறாது.

அடுத்தது அறிவியல் செய்முறை. நேரடித் தனித்தேர்வர்கள், அதாவது பள்ளிக்குப் போகாமல் முதல்முறை எழுதுகிறவர்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். அறிவியலில் எழுத்து 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தால்தான் தேர்ச்சி. செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும், வகுப்புக்கு 80 சதவீதம் வந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு, தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். மார்ச்சில் எழுத நினைப்பவர் பள்ளி திறக்கும் ஜூனிலேயே கேட்க வேண்டும். டிசம்பரில் கேட்டால் அந்த வருடம் போச்சு.

கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. வடிவியல் ஒரு கேள்வி, வரைபடம் ஒரு கேள்வி, தலா 8 மதிப்பெண். ஆக 16. தேற வேண்டியது 35 என்னும்போது, ஏறக்குறைய பாதி இதிலேயே இருக்கிறது. ஆனால் ஊசிமுனை உள்ள காம்பஸை பிளாக்கில் (கைதிகள் தங்கும் கட்டடத்தில்) வைத்துக்கொள்ள எந்த வார்டர் விடுவார்? வகுப்பு நேரத்தில் மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆசிரியரிடம் கேட்கலாம். வரைபடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, ஸ்கேலும் பென்சிலும் போதும். முதலில் அதைப் போட்டுப் பழகட்டும்.

புத்தகம் வாங்கும்போது கவனம். பத்தாம் வகுப்புப் பாடத்திட்டம் 2019-ல் மாறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் பத்து வருடம் முன்பு படித்த கைடு உதவாது. பாடநூல் கழகப் புத்தகமே வாங்குங்கள். கம்பிச் சுருள் நோட்டும் கெட்டி அட்டையும் வேண்டாம், சிறை வாசல் கேட்டோடு திரும்பி வரும். ஓரத்தில் போன் நம்பரோ கிறுக்கலோ இல்லாத புத்தகமாகப் பார்த்துக் கொடுங்கள். சோதனையில் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

மாலையில் லாக்கப் ஆனால் விடியும்வரை கதவு திறக்காது. நேரம் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். இரைச்சலும் மங்கின வெளிச்சமும் அதில் பாதியைத் தின்றுவிடும். அதைவிடப் பெரிய இழுபறி கூலி. சிறைப் பட்டறைக்கு வேலைக்குப் போனால் காசு, வகுப்பில் உட்கார்ந்தால் இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் வகுப்பை விடுவது சோம்பலால் இல்லை. சில மாதம் அந்தப் பணம் குறைந்தாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லிவிட்டால், அவர் மனசில் பாதி பாரம் இறங்கும்.

விசாரணைக் கைதியாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. நடுவில் ஜாமீன் கிடைத்தால் ஹால் டிக்கெட் நகலும் தேர்வு மைய விவரமும் கையில் இல்லாமல் வெளியே வரக் கூடாது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். 2022 கணக்குப்படி 75.8 சதவீதம். ஆனால் வகுப்புகள் என்னவோ வருடக்கணக்கில் உள்ளேயே இருக்கப்போகிறவரை நினைத்துத்தான் போடப்படுகின்றன. எனக்கு இது சரியாகப் படவில்லை.

பட்டப்படிப்பு, இக்னோ (திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எல்லாம் பிறகு பேசலாம். இப்போதைக்கு ஒன்று. பதினைந்து வருடம் பேனா பிடிக்காத கை, மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதாது. அரை மணியிலேயே விரல் மரத்துப்போகும். தெரிந்த விடையும் தாளில் ஏறாது. தினமும் ஒரு பக்கம், பார்த்து எழுதினாலும் போதும், இன்றைக்கே ஆரம்பிக்கட்டும். அடுத்த மனுவில் நலம் விசாரித்து முடித்ததும், இந்த வாரம் எத்தனை பக்கம் எழுதினாய் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி போல ஒருவன்