எய்யா, அந்த மாத்திரையை நிறுத்தாதே

எய்யா,

உன் அக்கா சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பத்து நாள் போட்டுப் பார்த்தாயாம், ஒன்றும் தெரியவில்லையாம், நிறுத்தப் போகிறாயாம், "எனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு" என்று அவளிடம் சத்தம் வேறு போட்டாயாம். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷம் விலங்கியல் பாடம் எடுத்தவள் எழுதுகிறாள் என்றே வைத்துக்கொண்டு படி.

முதலில் அந்தப் பத்து நாள் கணக்கு. மாத்திரைச் சீட்டை அக்கா போட்டோ எடுத்து அனுப்பினாள், பார்த்தேன். அந்த வகை மாத்திரை, நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்துகிற செரோடோனின் என்ற ரசாயனத்தை மூளையில் சில மணி நேரத்திலேயே கூட்டிவிடும், ஆனால் மனசுக்குத் தெரிய வாரக்கணக்கில் ஆகும். செரோடோனின் குறைந்ததுதான் மொத்த சீக்கும் என்றால் முதல் நாள் சாயங்காலமே நீ எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டுமே! அந்த வாரங்களில் நரம்புச் செல்லுக்குள் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்வது என்பதே மாறுகிறது. பி.டி.என்.எஃப். என்று ஒரு புரதம் இருக்கிறது, நரம்புச் செல்லுக்கு அது உரம் மாதிரி. அது கூடி, செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் விட்டுப்போன இணைப்புகள் பையப் பையத் திரும்ப உருவாகின்றன என்றுதான் ஆராய்ச்சி செய்கிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். கார் சாகுபடிக்கு நட்ட பத்தாம் நாள் வயலில் கதிர் தேடினால் உன் தாத்தா என்ன வார்த்தை சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும், நான் எழுத மாட்டேன்.

இணைப்பு ஏன் விட்டுப்போகிறது என்று கேட்பாய். பயமோ நெருக்கடியோ வந்தால் மூளையின் அடியில் இருக்கிற ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே தொங்குகிற பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனலுக்குச் சொல்லும், அது கார்டிசால் என்கிற நெருக்கடி ஹார்மோனை ரத்தத்தில் விடும். பன்னிரண்டாம் வகுப்பில் நீ இதைப் படம் போட்டு மார்க் வாங்கினவன்தான். உன் புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. 1968-இல் புரூஸ் மெக்கீவன் என்பவர், இதே வகை ஹார்மோன் எலியின் மூளைக்குள்ளேயே போய் ஹிப்போகேம்பஸில் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தார். அது ஞாபகத்துக்கான இடம். கார்டிசால் போதும், நிறுத்து என்று திருப்பிச் சொல்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. நெருக்கடி ஓயாமல் நீண்டால் அந்த இடத்துச் செல்களின் கிளைகளே சுருங்குகின்றன, நிறுத்தச் சொல்கிற குரல் கம்மிவிடுகிறது.

நீ இருக்கிற பெங்களூரிலேயே, என்.சி.பி.எஸ். என்கிற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், சுமந்த்ரா சட்டர்ஜி என்பவரின் குழு 2002-இல் இன்னொன்றைக் காட்டியது. நாள்பட்ட நெருக்கடியில் ஹிப்போகேம்பஸின் கிளைகள் சுருங்குகிற அதே நேரத்தில், பயத்துக்கான அமிக்டலாவில் கிளைகள் வளர்கின்றன. அதோடு விடவில்லை. எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டும் பார்த்தார்கள், அமிக்டலாவில் வளர்ந்தது வளர்ந்ததாகவே இருந்தது. மனசைப் போட்டு உழப்பாதே, நாலு நாள் லீவு போட்டால் சரியாகிவிடும் என்று உன்னிடம் முதலில் சொன்னவளே நான்தான். அது என் தப்பு.

2005-இல் அதே குழு செய்த சோதனையைப் படித்தபோதுதான் எனக்கு உன் அப்பா புரிந்தார். எலியை ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம், அசைய விடாமல் வைக்கிறார்கள். மறுநாள் அமிக்டலாவில் ஒன்றும் இல்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் புது இணைப்புகள் முளைத்திருக்கின்றன, எலியும் பயந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் 17, திருநெல்வேலியில் வெள்ளம் வந்த ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும், லைன் கிடைக்காமல் நீ அங்கே கிடந்து தவித்தாய். இங்கே வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், அப்பா சிலிண்டரை மாடிக்கு ஏற்றினார், எதிர்வீட்டு ஆச்சியை முதுகில் சுமந்தார், காலையில் கருப்பட்டிக் காப்பி கேட்டு என்னிடம் சிரித்தார். எல்லாரும் மெச்சினோம். பொங்கல் சமயத்தில் ஆரம்பித்தது. சும்மா தூறல் விழுந்தாலும் ராத்திரி எழுந்து போய் வாசல் சாக்கடையில் டார்ச் அடித்துப் பார்ப்பார், கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி ஜங்ஷனில் பஸ் ஏறாமல் திரும்பி வருவார். எலிக்குப் பத்து நாள் என்றால் மனுஷனுக்கு எத்தனை நாள் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இது அவருடைய கோழைத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அன்றோடு அதை விட்டேன்.

சரி, அப்புறம் உன் பெரிய கேள்விக்கு வருகிறேன். "என்கூட வேலை பார்க்கிற எல்லாரும் தாங்குறாங்க, எனக்கு மட்டும் ஏன்?" 2007-இல் டல்லாஸில் எரிக் நெஸ்லரின் ஆய்வகத்தில் வைஷ்ணவ் கிருஷ்ணன் முதலானவர்கள் சுண்டெலிகளை வைத்து இதையேதான் கேட்டார்கள். பிறப்பிலேயே ஒரே மரபணு உள்ள எலிகள். தினமும் ஒவ்வொன்றையும் ஒரு முரட்டு எலியிடம் சில நிமிஷம் அடிவாங்க விட்டு, மீதி நேரமும் நடுவில் தடுப்பு மட்டும் வைத்து அதன் பக்கத்திலேயே இருத்தினார்கள், இப்படிப் பத்து நாள். பெரும்பாலானவை அதற்குப் பிறகு எந்த எலியோடும் சேராமல் ஒதுங்கின. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒதுங்கவில்லை. கவனி, அவற்றுக்கும் பயம் இருந்தது, கார்டிசால் மாதிரியான அவற்றின் ஹார்மோனும் ஏறத்தான் செய்தது. ஒதுங்கிய எலிகளில், ஆர்வத்தைத் தூண்டுகிற டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அளவுக்கு மீறித் துடித்தன. தாக்குப்பிடித்தவற்றில் அதே செல்கள் பொட்டாசியத்தை வெளியே விடுகிற வாய்க்கால்களைக் கூடுதலாகக் கட்டி அந்தத் துடிப்பைச் சமன் செய்திருந்தன. அந்தச் செல்கள் இருக்கிற இடத்தில் அதிக ஜீன்களின் வேலை மாறியிருந்ததும் தாக்குப்பிடித்தவற்றில்தான்!

ஆற்றுக்குள்ளேயே நிற்கிற நம்ம குறுக்குத்துறை முருகன் கோவிலை நினைத்துக்கொள். ஒவ்வொரு வெள்ளத்திலும் மூழ்குகிறது, நிற்கிறது. தண்ணீர் வருகிற பக்கம் படகு மூக்கு மாதிரி கூராகக் கட்டியிருக்கிறான், வெள்ளத்துக்கு முன்னால் உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டுபோகிறார்கள், வடிந்த பிறகு ஆள் வைத்துச் சேறு அள்ளுகிறார்கள். தூரத்தில் பாலத்தில் நின்று பார்க்கிறவனுக்குக் கல்லு கோவில் சும்மா நிற்கிற மாதிரிதான் இருக்கும். உன்கூட வேலை பார்க்கிறவர்கள் ராத்திரி எத்தனை கூடை சேறு அள்ளுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? அதில் எத்தனை பேர் மாத்திரை போடுகிறார்கள் என்று தெரியுமா?

இன்னொன்று, இது என் மனசில் இருப்பது. தாய் எலி நக்கி நக்கி வளர்த்த குட்டி, பெரிதான பிறகு நெருக்கடிக்கு அவ்வளவாக ஆடுவதில்லை, கார்டிசாலைப் பிடிக்கிற ஏற்பியின் ஜீன் மேல் ஒட்டி அதை அடக்கிவைக்கிற மெத்தில் குறிகள் அதற்குக் குறைவு என்று மான்ட்ரியாலில் மைக்கேல் மீனியின் குழு 2004-இல் எழுதியது. படித்துவிட்டு ரெண்டு நாள் தூங்கவில்லை. உன்னை மூன்று மாசத்தில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்புறம் அதே கட்டுரையில் மீதியையும் படித்தேன்: வேறு தாயிடம் மாற்றி வளர்த்தாலும் குட்டி வளர்த்தவளைப் போலவே ஆகிறது, வளர்ந்த பிறகுகூட அந்தக் குறிகளை மருந்தால் மாற்ற முடிந்தது. உன்னை எண்ணெய் தேய்த்து உருவி உருவிக் குளிப்பாட்டினது ஆச்சி. அந்தக் கணக்கில் உனக்குக் குறை வைக்கவில்லை.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் டாக்டரிடமே போய்ச் சொல், மாற்றிக் கொடுப்பார். நீயாக நிறுத்தாதே. ராத்திரி ரொம்ப முடியவில்லை என்றால் 14416-க்குப் போன் பண்ணு, டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. எனக்கும் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் பண்ணலாம், அது உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் வா. சொதி வைக்கிறேன். அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். பீரோவில் பிரஷர் மாத்திரைக்குப் பின்னால் அவர் ஒரு சின்ன டப்பா வைத்திருக்கிறார், ஒன்றரை வருஷமாக எனக்குத் தெரியாது என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன் என்றபோதுதான் அவரே எடுத்துக் காட்டி, "அவன்கிட்ட நானே சொல்லுதேன்" என்றார். தெரியாத மாதிரியே கேட்டுக்கொள்.

அம்மா